நியமனம் நிறுத்தப்பட்ட அலுவலகத்தில் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் நிலை என்ன?

கேள்வி: இளநிலை உதவியாளர், செட்டிநாட்டுப் பகுதி

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுப் பகுதியில் உள்ள ஒரு நகர்ப்புற உள்ளாட்சி அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் 2014 முதல் பணிபுரிந்து வருகிறேன். காலியாகும் இடங்களுக்கு இனி ஆள் போடப்போவதில்லை என்று சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் வாய்மொழியாகத் தெரிவித்தார்கள். ஆணை எதையும் எங்களுக்குக் காட்டவில்லை. அதற்குப் பின் ஓய்வுபெற்ற உதவியாளரின் நாற்காலியும், பதவி உயர்வில் வெளியூர் சென்ற வரித் தண்டலரின் நாற்காலியும் அப்படியே கிடக்கின்றன. உதவியாளரின் பீரோ சாவியைப் பழுப்பு உறையில் போட்டு என் மேசை மீது வைத்தார்கள். அன்று முதல் அந்த இருக்கையின் வேலை முழுவதும் என் தலையில் விழுந்துவிட்டது. ஒப்பந்த நிறுவனத்தின் வழியே வந்த கணினிப் பணியாளர் ஒருவர் உதவிக்கு இருக்கிறார். அவருக்குத் தனி உள்நுழைவு தரப்படாததால் என் கடவுச்சொல்லைக் கொண்டுதான் பதிவுகளைச் செய்கிறார்.

சென்ற அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொன்னால் நிலைமை விளங்கும். அரையாண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் சொத்து வரி செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு என்பதால் அந்த மாதக் கடைசியில் கூட்டம் நெருக்கும். அந்த நேரம் பார்த்து, குடும்பத் திருமணத்திற்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர் பூர்வீக வீட்டின் வரி விதிப்புப் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தார். நம் பக்கத்து வளவு வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். இரண்டு வரி விதிப்பு எண்கள், 23 பங்குதாரர்கள், அவர்களில் சிலர் மலேசியாவில். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று காட்டும் பழைய கேட்புப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து முடிக்க இரவு எட்டரை ஆகிவிட்டது. அந்த வாரத்தில் வேறொருவர் கட்டிய தொகை தவறான எண்ணில் வரவாகிவிட்டது. திருத்தியும் விட்டோம். ஆயினும் விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்திருக்கிறது.

காலியான இருக்கைகளை ஒழித்துவிட்டு அடுத்து எங்களையும் உபரி என்பார்களா, உதவியாளர் பதவி உயர்வு நின்றுவிடுமா, இந்தக் குறிப்பாணை அதற்குத் தடையாகுமா என்பவை என் கவலைகள். மாமியாரின் கண் அறுவைக்காக நான் கேட்ட பத்து நாள் ஈட்டிய விடுப்பையும் "ஆள் இல்லை" என்று வாய்மொழியாகவே மறுத்துவிட்டார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற மேலாளர், தேவகோட்டை

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பழுப்பு உறைதான் என் மனத்தை உறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நியமனத் தடை என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே பொருளைக் குறிப்பதில்லை. புதிய பணியிடங்களை உருவாக்குவதற்குத் தடை என்பது ஒன்று. இருக்கும் பணியிடங்களில் காலியானவற்றை நேரடி நியமனத்தால் நிரப்பாமல் வைத்திருப்பது மற்றொன்று. ஒப்பளிக்கப்பட்ட பணியிடத்தையே சரண் செய்து, அதாவது அரசிடம் திருப்பி ஒப்படைத்து, ஒழிப்பது முற்றிலும் வேறானது. முதல் இரண்டிலும் பணியில் இருப்பவரின் பதவிக்கோ ஊதியத்திற்கோ ஆண்டு ஊதிய உயர்வுக்கோ பாதிப்பு இல்லை. மூன்றாவது நடந்தாலும் வழக்கமாகக் காலி இருக்கையைத்தான் சரண் செய்வார்களே தவிர, முறையாக நியமிக்கப்பட்டுப் பணிவரன்முறையும் (பணியை முறைப்படுத்தும் ஆணையும்) ஆகிவிட்டவரை எழுப்பிவிட்டு நாற்காலியை எடுப்பதில்லை. ஆகவே வேலை போய்விடுமோ என்ற அச்சத்தை இறக்கி வையுங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 2001 நவம்பர் 29 அன்று பணியாளர் சீர்திருத்தத் துறை வெளியிட்ட 212ஆம் அரசாணையை என் காலத்தவர் எவரும் மறக்கமாட்டார்கள். நேரடி நியமனத்தைத் தடுத்த அந்த ஆணை 2006 பிப்ரவரியில்தான் விலக்கப்பட்டது. அந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் வேலையை இழக்கவில்லை; ஆனால் ஒருவரும் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போகவும் இல்லை. பிறகு 2020 மே மாதம், கொரோனா நெருக்கடியில் வந்த செலவுக் குறைப்பு ஆணை புதிய பணியிடங்களுக்குத் தடை விதித்தது. தொடக்க நிலைப் பணியிடங்களுக்கும் கருணை அடிப்படையிலான நியமனங்களுக்கும் அதில் விலக்கு இருந்தது. உங்கள் அலுவலகத்தில் சொல்லப்படுவது எந்த வகை, எந்த ஆணையின்படி, எந்தத் தேதியிலிருந்து என்பதை முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கத்தின் வழியே கேட்கலாம். அதுவும் இயலாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாட்களில் பதில் தந்தாக வேண்டும்.

பதவி உயர்வு நேரடி நியமனம் அன்று. காலியான உதவியாளர் இடம் பதவி உயர்வால் நிரப்பப்பட வேண்டியதாக இருந்தால், நேரடி நியமனத் தடையை மட்டும் காட்டி அதை நிறுத்த முடியாது. நடைமுறையில் தடை வேறு வழியாக வரும். உங்களை உயர்த்தினால் உங்கள் இருக்கை காலியாகும், அதற்கு ஆள் வராது என்பதால், பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் தேர்ந்தோர் பட்டியல் போடுவதைத் தள்ளிக்கொண்டே போவார்கள். பட்டியல் வந்தாலும் "மாற்றாள் வந்தபின் விடுவிக்கலாம்" என்று ஒரு வரி எழுதி உங்களை நிறுத்தி வைப்பார்கள். அந்த ஒரு வரியினால் எட்டு மாதம் காத்திருந்தவன் நான். அப்படிக் காத்திருக்கும்போது சலிப்பிலோ குடும்பச் சூழலிலோ பதவி உயர்வு வேண்டாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடிதம் பின்னாளில் எதிர்பாராத இடங்களில் எல்லாம் வந்து குறுக்கே நிற்கும். துறைத் தேர்வுகள் பாக்கி இருந்தால் மே, டிசம்பர் இரண்டையும் தவறவிடாமல் எழுதி முடித்துவிடுங்கள். தடை விலகும்போது பட்டியல் ஒரே மூச்சில் வரும், அந்தத் தேதியில் தகுதி உள்ளவர்கள்தான் அதில் இருப்பார்கள்.

நீங்கள் 2014இல் சேர்ந்தவர் என்கிறீர்கள். ஒரே பதவியில் 10 ஆண்டுகள் முடித்தவருக்குத் தேர்வு நிலை, 20 ஆண்டுகள் முடித்தவருக்குச் சிறப்பு நிலை என்பது பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கி நிற்பவர்களுக்காகவே ஏற்பட்ட ஊதிய ஏற்பாடு. உங்களுக்குத் தேர்வு நிலை ஆணை வழங்கப்பட்டதா? பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா? ஆள் குறைந்த அலுவலகத்தில் முதலில் கவனிப்பாரற்றுப் போவது பணியாளர்களின் சொந்தக் கோப்புகள்தாம், ஏனென்றால் அவற்றைப் பார்க்க வேண்டிய எழுத்தரும் இரண்டு இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நிலுவையில் இருந்தால் இன்றே விண்ணப்பம் கொடுங்கள்.

இப்போது அந்தச் சாவி. என் பணிக்காலத்தில் ஓர் அலுவலகத்தில் காசாளர் பொறுப்பை 14 மாதங்கள் கூடுதலாகப் பார்த்தேன். ஆணை இல்லை, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலும் இல்லை. "நீங்களே பாருங்கள், யார் இருக்கிறார்கள்" என்ற ஒரு சொல்லை நம்பி எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும் ஆண்டில் தணிக்கைத் தடை ஒன்று, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம், எழுந்தது: ஆறு இரசீதுப் புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டில் உண்டு, அலமாரியில் இல்லை. அவை எனக்கு முன்பிருந்தவர் காலத்தில் வாங்கப்பட்டவை. ஆனால் அவர் என்னிடம் ஒப்படைக்கவில்லை என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. புத்தகங்கள் வேறொரு பிரிவின் பரணில் கிடைக்கும் வரை நிலுவையின்மைச் சான்று வரவில்லை, பணிக்கொடையும் வரவில்லை. பதினோரு மாதங்கள். என் மகளின் திருமணத்தை அந்தத் தொகையை நம்பி நிச்சயித்திருந்தேன்.

ஆகையால், அந்தப் பீரோவை இரண்டு சாட்சிகள் முன்னிலையில் திறந்து, உள்ளே உள்ள பதிவேடுகள், கோப்புகள், பயன்படுத்தாத இரசீதுகள் ஆகியவற்றை எண்களோடு பட்டியலிட்டு, அதை ஒரு கடிதத்துடன் அலுவலகத் தலைவருக்குத் தன்பதிவேட்டின் (உங்கள் இருக்கையின் கடிதங்களுக்கு எண்ணிடும் பதிவேட்டின்) வழியே அனுப்புங்கள். கடிதத்தில் குற்றம் சொல்ல வேண்டாம். "இன்ன தேதியிலிருந்து இன்ன இருக்கையின் பணியை நானே கவனித்து வருகிறேன், இதற்கான ஆணையை வழங்குமாறு பணிந்து வேண்டுகிறேன்" என்பது போதும். முழுக் கூடுதல் பொறுப்பு முறையான ஆணையால் தரப்பட்டால் அரசுப் பணியாளர்களுக்கான அடிப்படை விதிகளின் 49ஆம் விதிப்படி கூடுதல் பொறுப்புப் படி கோர இடமுண்டு. ஆணை இல்லாமல் செய்த வேலைக்கு எத்தனை ஆண்டானாலும் படி கிடையாது. படியைவிடப் பெரியது, எது உங்கள் பொறுப்பு, எது இல்லை என்பதற்கு எழுத்துச் சான்று இருப்பது.

கடவுச்சொல்லை ஒப்பந்தப் பணியாளரிடம் தந்திருப்பதை நாளைக்கே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மென்பொருள் உங்கள் பெயரைத்தான் காட்டும். அவருக்குத் தனி உள்நுழைவு கேட்டு எழுதுங்கள்.

குறிப்பாணைக்குப் பதில் எழுதும்போது கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். தவறு நேர்ந்த தேதி, திருத்திய தேதி, இழப்பு ஏதும் ஏற்படவில்லை என்பது, அந்த வாரத்தில் நீங்கள் கவனித்த இருக்கைகள் எத்தனை, கையாண்ட இரசீதுகள் எத்தனை என்ற விவரங்களை மட்டும் எழுதி, தொடர் நடவடிக்கையைக் கைவிடுமாறு கேளுங்கள். விளக்கம் கேட்ட நிலையிலேயே முடிந்துவிட்டால் பட்டியலுக்குத் தடை வராது. குற்றச்சாட்டு வனையப்பட்டு நிலுவையில் நின்றால்தான் சிக்கல். கெடு தேதிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும்.


பதில்: கணக்குப் பிரிவு ஊழியர், வேறொரு நகராட்சி

ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நிறுத்தம் ஏன் வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உள்ளாட்சி அமைப்பின் ஊழியர்களுக்கு ஊதியம் கருவூலத்திலிருந்து தானாக வந்துவிடுவதில்லை. சொத்து வரி, கட்டணங்கள், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் சேரும் பொது நிதியிலிருந்துதான் ஊதியமும் ஓய்வூதியப் பங்கும் தெரு விளக்கு மின்கட்டணமும் போக வேண்டும். மாதக் கடைசியில் எந்தப் பட்டியலை முதலில் அனுமதிப்பது என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நிலையில், ஆளை வைத்துக்கொண்டு ஊதியம் தராமல் இருப்பதைவிடப் புதிய ஆளை எடுக்காமல் இருப்பது குறைந்த கொடுமை என்று ஒரு நிர்வாகி முடிவெடுத்தால், அதை முற்றிலும் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் வருத்தம் வேறு. எல்லா இருக்கைகளையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். 2022 ஏப்ரலில் சொத்து வரி சீராய்வு வந்தபோது 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு 100 விழுக்காடு உயர்வு விதிக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடுகளில் எது அந்த அளவுக்குள் அடங்கும்? ஆட்சேபம், மறு அளவீடு, பங்கு பிரித்தல், பெயர் மாற்றம் என்று வருவாய்ப் பிரிவுக்கு வேலை பெருகியதும், அதே பிரிவில் ஆள் குறைந்ததும் ஒரே காலத்தில் நடந்தன. வரி தண்டுகிறவரின் நாற்காலியைக் காலியாக வைத்தால் மிச்சமாவது அவருடைய ஊதியம். போவது அவர் நடந்து போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கக்கூடிய நிலுவை. நம் பக்கம் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பவை. சாவி யாரிடம், பங்குதாரர் எந்த ஊரில் என்று பழைய தண்டலருக்குத்தான் தெரியும். அந்த அறிவு பதிவேட்டில் ஏறுவதில்லை, அவரோடு ஓய்வு பெற்றுவிடுகிறது. இதை உங்கள் பிரிவின் சென்ற இரண்டு ஆண்டு வசூல் விவரத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்தால், இருக்கையை நிரப்பக் கேட்பதற்கு அதைவிட வலுவான காரணம் இருக்காது.


பதில்: தூய்மைப் பணியாளரின் மகன், புதுவயல்

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு எழுதிக் கேட்க மேசையும் தாளும் இருக்கின்றன. தெருவில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். என் அம்மா நிரந்தரப் பணியாளர். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்தத் தெருக்கள் மற்றவர்களுக்குப் பங்கிடப்படும். பிறகு ஒப்பந்தத்தில் சிலர் வருவார்கள். ஒரே வண்டி, ஒரே குப்பை, ஒரே வெயில். ஊதியம் மட்டும் இரண்டு. நிரந்தரப் பணியாளர் ஒரு நாள் படுத்துவிட்டால் அந்தச் சுமை தினக்கூலிக்கு வந்தவர் மேல் ஏறும் என்பதால், அம்மா காய்ச்சலோடு போன நாட்கள் பல. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருந்தும் டிசம்பரில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

ஒப்பந்தத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தால் ஒரு நாள் நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பியிருப்பவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. 2006 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இன்றி எடுக்கப்பட்ட தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2006 ஜனவரி 1 அன்று 10 ஆண்டுகள் முடித்திருந்த தினக்கூலிகளுக்கு 22ஆம் அரசாணை வழி தந்தது. அந்தத் தேதிக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. நியமனம் நிறுத்தப்பட்டிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்கு வயது வரம்பில் ஓர் ஆண்டு போய்விடுகிறது.

பணியிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தார், நியமனம் நிறுத்தப்பட்டிருக்கிறதே என்று கருணை அடிப்படை விண்ணப்பத்தைக் கொடுக்காமல் இருந்துவிடக் கூடாது. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வேலை எப்போது வந்தாலும் வரட்டும், கெடு நிறுத்தத்திற்காகக் காத்திருக்காது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் "ஆள் எடுக்கும்போது கொடுக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்த வாய்ப்பை இழந்தது.


பதில்: காரைக்குடியைச் சேர்ந்தவர், தற்போது அமெரிக்காவில்

வேறு நாட்டு நகரங்களிலும் இது நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். நியூயார்க் நகர நிர்வாகம் 2023இல் நியமனத்தை நிறுத்தியது. 2024இல் தளர்த்தியபோதும் இருவர் விலகினால் ஒருவரை எடுக்கலாம் என்ற கணக்கைத்தான் வைத்தது. சிகாகோ நகரம் 2024 செப்டம்பரில் நியமனத்தை நிறுத்தியதோடு, பாதுகாப்புத் துறைகள் நீங்கலாக மற்றவற்றில் மிகைநேரப் பணிக்கும் பயணச் செலவுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அங்கே மிகைநேரம் பார்த்தால் ஊதியம் உண்டு, ஆகவே வேலைச்சுமை கணக்கில் தெரிந்துவிடுகிறது. சகோதரி இரவு எட்டரை வரை உட்கார்ந்தது எந்தக் கணக்கிலும் ஏறாது. அவர் ஒரு நாட்குறிப்பாவது வைத்திருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.


பதில்: ஓய்வுபெற்ற மேலாளர், தேவகோட்டை

விடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்று அடிப்படை விதிகளே சொல்கின்றன. பணி நலன் கருதி மறுக்கும் அதிகாரம் அலுவலகத் தலைவருக்கு உண்டு. ஆனால் விண்ணப்பத்தின் மேல் "மறுக்கப்படுகிறது" என்று எழுதிக் கையொப்பம் இட வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. ஈட்டிய விடுப்பு ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் 15 நாட்கள் வீதம் சேரும், 240 நாட்களுக்கு மேல் சேராது. விடுப்பை ஒப்படைத்து அதற்கு ஈடாகப் பணம் பெறும் விடுப்புச் சரண் 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது; அது 2025 அக்டோபர் 1 முதல் ஆண்டுக்கு 15 நாட்கள் என்று மீண்டும் கிடைக்கிறது. எனவே மறுக்கப்படும் விடுப்பு முழுவதும் வீணாகிவிடும் என்று கலங்க வேண்டாம். கண் அறுவைக்கு நாள் குறித்த மருத்துவமனைச் சீட்டை இணைத்து எழுத்தில் மீண்டும் கேளுங்கள். வாயால் மறுத்த பலர், பேனாவால் மறுக்கத் தயங்குவார்கள்.

இன்னொன்று. 2020இல் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆகவும், மறு ஆண்டே 60 ஆகவும் உயர்ந்ததால், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வயது முதிர்வு ஓய்வே இல்லாமல் போய், கீழே இருந்தவர்களின் பதவி உயர்வும் அதே அளவு தள்ளிப்போனது. உங்கள் பட்டியல் தாமதத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம். எல்லாவற்றையும் உங்கள் அலுவலகத் தலைவரின் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அவரும் எங்கோ ஒரு மேசையில் ஆள் கேட்டு எழுதிவிட்டுக் காத்திருப்பவராக இருக்கலாம்.


கேட்டவர்: இளநிலை உதவியாளர், செட்டிநாட்டுப் பகுதி

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் என் நன்றி. இன்று மதியம் சுகாதார ஆய்வாளரையும் அலுவலக உதவியாளரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தேன். பட்டியல் மூன்று பக்கம் வந்தது. கீழ்த்தட்டில் நூலால் கட்டிய ஒரு கட்டு இருந்தது: பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு இல்லாத இரசீதுப் புத்தகங்கள் நான்கு, அவற்றில் இரண்டு பாதி பயன்படுத்தப்பட்டவை. எண்களை ஒவ்வொன்றாக எழுதி மூவரும் கையொப்பமிட்டோம். கணினிப் பணியாளருக்குத் தனி உள்நுழைவு கேட்டு எழுதிய கடிதத்தையும், கூடுதல் பொறுப்பு ஆணை கேட்ட கடிதத்தையும் தன்பதிவேட்டில் எண் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் தேர்வு நிலை பணிப்பதிவேட்டில் ஏறவில்லை என்பதும் இன்றுதான் தெரிந்தது. குறிப்பாணைக்கு விளக்கம் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. எழுதிய வரைவை இங்கே பெயர்கள் நீக்கிப் பதிவிட்டால், ஐயா ஒரு முறை பார்த்துத் திருத்தித் தர இயலுமா?